உப்பு என்று சொல்லக்கூடாது

ஜூன் 9, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே சாம்பாரில் உப்புப் போடவில்லை. மறதியும் இல்லை, கைத்தவறும் இல்லை. பருப்பு, புளி, காயம், கத்தரிக்காய் எல்லாம் போட்டுவிட்டு, உப்புச் சாடியைத் திறந்து பார்த்து, மறுபடியும் மூடி வைத்தேன். ஒரு சோதனை.

இவர் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டார். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். கை கழுவிவிட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். மாட்டுத் தொட்டியில் ஊற்றினால் மாடு கோபித்துக்கொள்ளும்.

வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆறுமுகநயினார் என்றால் தூத்துக்குடியில் உப்புத் தொழில் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு கல்லை நாக்கில் வைத்து, எந்தப் பாத்தியில் விளைந்தது, எந்த மாதம் வாரியது என்று சொல்லுகிற நாக்கு இவருடையது. கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட" என்று என் அம்மாவின் முன்னாலேயே சொன்னவர். ஒரு கல்! அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். ரோஷம் கெட்டுப்போய் முப்பத்து நான்கு வருடமாக இங்கேயே இருக்கிறேன்.

டிசம்பரில் உப்பளத்தின் குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர் புதுப்பிக்கவில்லை. கடைசி உப்பு அம்பாரத்தை லாரியில் ஏற்றிவிட்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். அத்தோடு பேச்சையும் கழற்றிப் போட்டுவிட்டார். காலையில் காப்பி, மத்தியானம் சோறு, மற்ற நேரமெல்லாம் சத்தம் அணைத்து வைத்த டிவி. ஏதாவது கேட்டால் "ம்". இரண்டாம் தடவை கேட்டால் "ம்ம்".

எனக்குக் கவலை ஒன்றும் கிடையாது. எரிச்சல்தான்.

ஜூன் 11, செவ்வாய்

ரசத்தில் இரண்டு பங்கு உப்புப் போட்டேன். குடித்தார். மிச்சத்தை வாழைக்கு ஊற்றினேன். வாழை பிழைக்குமா என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சாயங்காலம் டிவியில் ஆப்பிரிக்கா ஓடியது. கீரி மாதிரி ஒரு பிராணி. பின்னங்காலில் எழுந்து நின்று, முன்கையை வயிற்றில் கட்டிக்கொண்டு, வரிசையாகச் சூரியனைப் பார்த்தது. ரேஷன் கடை வரிசை தோற்றது. மீர்கட் என்று பெயர் வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதற்குப் பின்னால் தரை வெள்ளையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் கிடந்தது. நான் பனியாக்கும் என்று நினைத்தேன். அப்போது இவர் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தை வைத்தார். டிசம்பருக்குப் பிறகு எங்கள் வீட்டு டிவி இன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. விளம்பரம் வந்ததும் மறுபடியும் அணைத்துவிட்டார்.

அந்த இடத்தின் பெயர் மக்காடிக்காடி. போட்ஸ்வானா தேசத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய ஏரியாம். வற்றிப்போய் உப்புக் காடாகக் கிடக்கிறதாம். கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் இதையெல்லாம் வாசித்தேன்.

எனக்கு அந்தக் கீரியை நேரில் பார்க்க வேண்டும். பிற்பாடு யாரும் வேறு அர்த்தம் கற்பிக்கக்கூடாது என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்: கீரிக்காகத்தான். அது போக, இவருடைய அக்கா கோமு சுவிட்சர்லாந்து போய்வந்த போட்டோக்களை மூன்று வருடமாக எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டாமா?

ஜூன் 20, வியாழன்

சென்னையில் ஒரு டிராவல்ஸில் பேசினேன். யாமினி என்று ஒரு பெண். நல்ல சுறுசுறுப்பு, ஆனால் வாய் அதிகம்.

"ஹனிமூன் டிரிப்பா மேடம்?"

"நான் தபாலாபீஸ்ல ரிடையர் ஆனவம்மா."

"அப்ப செகண்ட் ஹனிமூன்! சூப்பர் மேடம். சால்ட் பேன்ல மூணு நாள் கேம்ப். அதுதான் ஹைலைட்டே."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாத."

"எந்த வார்த்தை மேடம்?"

"உப்பு. இங்கிலீஷ்லயும் சொல்லக் கூடாது. எங்க வீட்டுக்காரர் போனை எடுத்தாலும் சரி, மெசேஜ் அனுப்பினாலும் சரி, வெள்ளை மைதானம்னு சொல்லு."

"ஏன் மேடம், சாருக்கு உப்பு ஆகாதா?"

"ஆகாது."

"பி.பி.யா?"

விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. "ஆமா, அதுதான்" என்றேன். நோட் பண்ணிக்கொள்கிறேன் மேடம் என்றாள்.

உப்பு என்று தெரிந்தால் இவர் வரமாட்டார். டவுனுக்குப் போவதற்குக்கூட உப்பளத்துச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். போய் இறங்கிவிட்டால் அப்புறம் எங்கே ஓடுவார்?

ஜூன் 24, திங்கள்

மேற்கு வீட்டு எஸ்தர் டீச்சரின் முருங்கை இன்றைக்கும் நம் வாசலில்தான் இலையைக் கொட்டியிருக்கிறது. பெருக்கி, காம்பவுண்டு ஓரமாக அவள் பக்கம் தள்ளினேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பிப்ரவரியிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. இருபது வருடமாக இவருடைய உப்பளத்து உப்பைத் தின்று வளர்ந்த வீடு அது. குத்தகை போன இரண்டாம் மாதம், கறிவேப்பிலை வாங்கப் போனவள் அவள் அடுக்களை அலமாரியில் கண்ணால் கண்டேன். கடை உப்பு! பளபளவென்று ஒரு கிலோ பாக்கெட்! நம்மிடம் இனி வராது என்று தெரிந்ததும் பாக்கெட் வாங்கியாயிற்று. கறிவேப்பிலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். போனில் அவள் நம்பரையும் தடுத்துப் போட்டேன்.

ஜூலை 1, திங்கள்

சொல்லிவிட்டேன். முன்னதாக யாமினி அனுப்பிய படங்களைக் கடையில் பிரிண்ட் எடுத்து, சால்ட் என்று வருகிற இடத்தையெல்லாம் கத்தரியால் வெட்டிவிட்டேன். ஒரு பக்கம் கொசுவலை மாதிரி ஆகிவிட்டது. அதைப் போட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தேன்.

"ஆப்பிரிக்கா போறோம்."

"யாரு?"

"நாமதான்."

"எதுக்கு?"

"கீரி பாக்க."

"கீரி நம்ம மோட்டார் ரூமுக்குப் பின்னால கிடக்கு."

"அது எந்திரிச்சு நிக்காது."

"கல்லை விட்டு எறி. நிக்கும்."

பேசிய கணக்குப் பார்த்தால் இந்த ஆறு மாதத்தில் இதுதான் பெரிய உரையாடல். கடைசியில், "யானை மிதிச்சா என்ன செய்வே?" என்று கேட்டார். உங்களை முன்னால் விட்டுவிட்டு நான் ஓடுவேன் என்றேன். "ம்" என்றார். ஆனால் இந்த "ம்" கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

பெங்களூரில் இருக்கிற மகளிடம் சொன்னேன். "அம்மா, ஊட்டிக்குப் போங்களேன்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

இவர் சாயங்காலம் "சும்மா நடந்துட்டு வாரேன்" என்று வெளியே போனார். அதுவே அதிசயம். அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. சட்டை பின்பக்கம் சதுரமாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன அது முதுகுல?"

"பிடிப்பு. நிமிந்து நடக்கச் சொன்னாவ."

"யாரு சொன்னா?"

நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிடிப்புத் தைலத்தைக் கதவடியில் வைத்தேன். இரவு வரை எடுக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆகஸ்ட் ஒன்பதுக்கு டிக்கெட் பார்த்திருக்கிறாள் யாமினி என்றேன். இவர் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மெதுவாகப் புரட்டினார்.

"ஆடி மாசம்லா அது? ஆடியில எவனாவது கடல் தாண்டுவானா? எங்கப்பா ஆடியில பாத்திக்குக்கூடப் புதுசா மண்வெட்டி வாங்கமாட்டாவ."

பொய். ஆடியில்தான் உப்பு நன்றாக விளையும். இவருடைய அப்பா அந்த மாதம் முழுக்கப் பாத்தியிலேயே குடியிருந்தவர். ஆனால் நான் வாதாடவில்லை. யாமினிக்குப் போன் போட்டு ஆவணிக்கு மாற்றச் சொன்னேன். "ஆவணின்னா என்ன மேடம்?" என்றாள். காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். ஆகஸ்ட் இருபத்து மூன்று.

இவரிடம் சொன்னேன். முகத்தில் ஒரு சின்னக் கோணல். அது வருத்தமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

ஜூலை 22, திங்கள்

விமானம் எத்தியோப்பியாவில் இறங்கி ஏறுவதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமாம். இவருக்கு ஊசி என்றால் பயம்.

"பாத்தியில ஆணி குத்தினப்பகூட நான் ஊசி போட்டதில்ல. உப்புத் தண்ணியே மருந்து."

சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். உப்பு என்ற வார்த்தையை டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக இவர் வாயிலிருந்து கேட்டேன். கேட்காததுபோல் காப்பி டம்ளரைக் கழுவினேன். ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவியிருப்பேன்.

"நீங்க வரலைன்னா நான் கோமு மதினியைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஊசி போடுகிற இடத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். எனக்கு லேசாகத் தலை சுற்றியது. வெயில்தான் காரணம். நர்ஸ் என்னைப் படுக்க வைத்து விசிறியதை இவர் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இவ்வளவு வாய் இவருக்கு எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 3, சனி

ஆசைப்பட்டு ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினேன். யாமினி அதன் படத்தைப் பார்த்துவிட்டு அலறினாள். அங்கே சின்ன விமானத்தில் போக வேண்டும். துணிப் பைதான் ஏற்றுவார்களாம். ஆளுக்குப் பதினைந்து கிலோ. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய் ஒரு துணிப் பை வாங்கி வந்தேன்.

இவர் அதன் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். பிரிந்தது.

"இது ஒரு மழைக்குத் தாங்காது. கொண்டா அத."

"அங்க மழையே கிடையாது."

காதில் வாங்காமல் மாடிக்குப் போனார். தார்ப்பாயை உதறும் சத்தம் கேட்டது. உப்பு அம்பாரத்தை மூடுகிற காக்கித் தார்ப்பாய். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, டெய்லரிடம் போய், பக்கத்தில் நின்று, இரண்டு பை தைத்துக்கொண்டு வந்துவிட்டார். பார்க்கப் பிணம் கட்டுகிற பை மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு குறை சொல்ல முடியாத தையல்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காட்டுக்கு மண் நிறத்தில்தான் உடுத்த வேண்டுமாம். காக்கியில் சுடிதார் தைத்துப் போட்டுப் பார்த்தேன். இவர் கதவோரம் நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, ஸ்டேஷனுக்கு எப்ப வரணும்?"

திட்டினேன். பிறகு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தேன்.

இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுருண்டை, ஊறுகாய் எல்லாம் கட்டினேன். இவர் பையைத் தூக்கிப் பார்த்து, கூடுதல் என்றார். எள்ளுருண்டையைக் குறைத்தேன். மறுபடி தூக்கிப் பார்த்து, இன்னும் கூடுதல் என்றார். புளிக்காய்ச்சலில் பாதியை எடுத்தேன். இப்போது சரியாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, பையைத் தானே பூட்டுவதாகப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். என் எள்ளுருண்டையின் இடத்தில் எதை வைக்கப்போகிறார்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நான் பயந்தபடியே ஆயிற்று. மறுபடியும் பஞ்சாங்கம்.

"இருவத்தி மூணு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். ஆப்பிரிக்கா எங்க இருக்கு? மேற்கே. சூலத்துக்கு எதுக்க போகக் கூடாது."

டிக்கெட்டை இனி மாற்ற முடியாது. இது இவருக்கும் தெரியும். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு சொன்னேன்: "பரஸ்தானம் வைப்போம்."

எங்கள் பக்கத்தில் உண்டு. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் பையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய மாதிரி. அப்புறம் எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. பழைய ராஜாக்கள் வாளையும் குடையையும் இப்படித்தான் முன்னால் அனுப்பினார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: போன பை வீட்டுக்குள் திரும்பி வரக்கூடாது.

இவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வைக்கலாமே. புதன்கிழமை நல்லாருக்கு. ஆனா மேற்கு வீட்டுலதான் வைக்கணும்."

மேற்கு வீடு எஸ்தர் டீச்சர் வீடு. அதற்கப்பால் பெட்ரோல் பங்க்.

"நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும். வீட்டுப் பொம்பளதான் குடுக்கிறது முறை" என்றார். அப்படி ஒரு முறையை நான் கேள்விப்பட்டதே இல்லை. சிரிக்காமல் இருப்பதற்கு இவர் பட்ட பாட்டை நான் கவனிக்காமல் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

போனேன். கடை உப்பு வாங்கியவள் வீட்டு வாசலில், காக்கிப் பையோடு, காலை நல்ல நேரத்தில் நின்றேன். மானம் போகிறதே என்று இருந்தது. ஆனால் கீரி.

டீச்சர் கதவைத் திறந்தாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள், "மேற்கே சூலமா மதினி?" என்றாள். அவள் வேதக்காரி, சர்ச்சை விட்டால் வேறொன்றும் தெரியாது. சூலம் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"ஆமா" என்றேன். அவ்வளவுதான். பையை வாங்கி, இயேசு படத்துக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, விருந்தாளியை உட்கார வைப்பதுபோல் வைத்தாள். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருப்பாள். அதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

பையில் முக்கியமான பொருள் ஒன்றாவது இருந்தால்தான் பரஸ்தானம் பலிக்கும் என்று இவர் நேற்று ஒரு ஆட்சேபம் கிளப்பினார். கோபத்தில் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஊசி போட்ட மஞ்சள் அட்டையையும் அதன் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுவிட்டேன். இதைவிட முக்கியமாக இனி என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் கண் சொட்டு மருந்தைப் பையில் போடலாம் என்று மேற்கு வீட்டுக்குப் போனேன். பூட்டு. கதவைத் தட்டினேன், ஜன்னலைத் தட்டினேன். பெட்ரோல் பங்க் பையன்கள், டீச்சர் காலையிலேயே நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இயேசுவுக்குக் கீழே எங்கள் பை பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் உள்ளே. விமானம் காலையில்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இவருக்கு இப்போது சந்தோஷம்தானே, ஜெயித்துவிட்டாரே, இனி நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாத டிவியை ஆயுசு முழுக்கப் பார்க்கலாமே என்று கத்தினேன்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"டீச்சருக்குப் போன் போடு."

"நம்பரைத் தடுத்து வச்சிருக்கேன்."

தன் போனை எடுத்தார். அதையும் டிவி மாதிரியே சத்தம் அணைத்து வைத்திருக்கிறார். டீச்சர் காலையில் இருந்து அடித்த அழைப்புகள் வரிசையாக நின்றன. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அண்ணாச்சி! எத்தனை தடவ அடிக்கது! மதினிக்கு அடிச்சா போகவே மாட்டேங்கு. சாவி பின்பக்கம் துவைக்கிற கல்லு கிட்ட, பெரிய சாடிக்குள்ள இருக்கு. பொம்பளப் பிள்ள பிறந்திருக்கு அண்ணாச்சி. அந்த அட்லஸை இப்ப திருப்பித் தரவேண்டாம், போயிட்டு வந்து தாங்க. உப்புக் காட்டை நல்லாப் பாத்துட்டு வாங்க!"

அட்லஸ். உப்புக் காடு. முதுகுப் பிடிப்பு! டீச்சர் முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அதன்மேல் ஏறிவிட்டார்.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் மூடி போட்ட பெரிய பீங்கான் சாடி. இவர் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். முழங்கை வரை விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றார்.

"சாவியா தேடுதீங்க, புதையலா?"

கையை மெதுவாக வெளியே எடுத்தார். உள்ளங்கை நிறையக் கல் உப்பு. ஒரு கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவு, இது நம்ம உப்பு. போன வருசம் வைகாசியில வாரினது."

குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் ஸ்டூல் லேசாக ஆடியது.

சாவியைப் பாலிதீன் உறையில் போட்டு வைத்திருந்ததால் துருப் பிடிக்கவில்லை. நான் வாசல் வழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குள் போனேன். அலமாரியில் அதே பளபள பாக்கெட். என் கையில் இருந்த இவருடைய போனில் டீச்சர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அலமாரிக் கதவுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அந்தப் பாக்கெட்டைத்தான பாக்கீங்க மதினி? பிப்ரவரியிலயே சொல்லிருப்பேன், நீங்க எங்க நின்னீங்க? எனக்குத் தைராய்டு. அயோடின் போட்ட உப்புதான் சேக்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தது. எனக்கு மட்டும் அதப் போட்டுக்குவேன். அண்ணாச்சி உப்பு தீந்துரக் கூடாதேன்னு சாடியில அமுக்கி வச்சிருக்கேன். இனிமே கிடைக்குமா?"

ஆறு மாதம் அவள் பக்கம் தள்ளிய முருங்கை இலையெல்லாம் கண் முன்னால் வந்தது. "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

வாசலில் வைத்து இவரைப் பிடித்தேன். "ஜூலையிலயே தெரிஞ்சிருக்கு. அப்ப ஆடி, சூலம், யானை, அதெல்லாம் எதுக்கு?"

"நீ எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தே. நல்லாருந்துச்சு."

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் பையை மேற்கு வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கிளம்பினோம்.

விமான நிலையத்தில் பையைச் சோதித்த அதிகாரி, அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன சார் இது?"

"உப்பு."

"ஆப்பிரிக்காவுக்கு உப்பா? எதுக்கு?"

"ஒத்துப் பாக்க."

அதிகாரி விழித்தார். இவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டு, அவருக்கும் ஒன்று நீட்டினார். பிறகு, கல் உப்பு எப்படி விளைகிறது, வாரும் பக்குவம் எது என்று ஆரம்பித்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்டது. கடைசியில் அதிகாரி, "நீங்க போங்க சார், தயவுசெஞ்சு போங்க" என்று கும்பிட்டார்.

என் எள்ளுருண்டையின் இடத்தில் ஒரு கிலோ உப்பு. கேட்டதற்கு, கடைசி அம்பாரத்தில் எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்தது என்றார். பெரிய களவாணி.

ஆகஸ்ட் 26, திங்கள், மக்காடிக்காடி

வந்து சேர்ந்துவிட்டோம். கூடாரத்துக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத் தரை. மரம், வீடு, கம்பம் ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்கிறது.

மத்தியானம் ஜீப்பை விட்டு இறங்கியதும் இவர் செருப்பைக் கழற்றினார். வழிகாட்டிப் பையன் கபோ, நெருப்பாய்ச் சுடும் சார் என்றான். இவர் கேட்கவில்லை. வெறுங்காலோடு நடந்து நடந்து, ஒரு சின்னப் புள்ளி ஆகிற வரை போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. போகட்டும் என்று நின்றேன். அந்தப் புள்ளி உட்காரும் என்று தெரியும், உட்கார்ந்தது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கபோ தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். நல்ல பையன்.

திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டி. அதை நக்கிக்கொண்டே வந்தார். முகத்தைச் சுளித்தார்.

"கசக்கு. கசப்புத் தண்ணிய வடிக்காமலே விட்டிருக்கான். இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டு இப்படியா வேலை பாக்கது? யாரு இதுக்கு மேஸ்திரி?"

கபோவுக்கு மொழிபெயர்த்தேன். கடவுள் என்றான். "அப்ப சொல்லி என்ன" என்று கையை உதறிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு உப்பையும் மாற்றி மாற்றி நாக்கில் வைக்கச் சொல்லி ஒரு வகுப்பு நடத்தினார். தமிழில்தான். கபோ தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் சூரியன் இறங்குகிற நேரத்தில் வெளியிலேயே மேசை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். எனக்கு ஒரு தட்டு. இவருக்குத் தனியாக, மூடி போட்டு, அதன்மேல் ஒரு சின்ன அட்டை செருகி இன்னொரு தட்டு. பூசணிக்காய்க் குழம்பும் சோறும்.

இவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"வடிவு."

"என்ன?"

"இதுல உப்பே இல்ல."

இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது. "என்ன சொன்னீங்க?"

"உப்பே இல்லைங்கேன். ஒரு கல்லுகூட இல்ல. சுத்தி இத்தனை மைலுக்கு உப்பை வச்சுக்கிட்டு, சட்டியில ஒரு கல்லு போட மனசு வரலையா இவனுவளுக்கு? கூப்பிடு அந்தச் சமையக்காரனை!"

சமையல்காரர் ஓடி வந்தார். அந்த அட்டையைக் காட்டி, சாருக்கு ரத்தக் கொதிப்பு, உப்புச் சேர்க்கவே கூடாது என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்று கையைப் பிசைந்தார். இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எப்பளா ரத்தக் கொதிப்பு வந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, யாமினி, வெள்ளை மைதானம், கத்தரித்த காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புப் போடாத சாம்பாரை மட்டும் சொல்லவில்லை.

இவர் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கல்லை விரலால் நொறுக்கித் தட்டில் தூவினார். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"ஜூன் மாசம் ஒரு சாம்பார் வச்சியே," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "அது தெரியாமலா சாப்பிட்டேன்னு நினைச்சே?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உப்புன்னு வாயத் திறந்தா அழுதிருவேன்னு இருந்துச்சு. அதான்." இன்னொரு கவளம் பிசைந்தார். "அந்த ரசம்தான் ரொம்ப அநியாயம். வாழை பட்டுப்போச்சு, பாத்தியா?"

பிறகு என் தட்டை ஒரு விரலால் தொட்டு ருசி பார்த்தார்.

"உனக்கு ஒரு கல்லு கூட" என்றார்.

நாளைக்கு விடிவதற்குள் எழுப்பி, கீரி எழுந்து நிற்பதைக் காட்டக் கூட்டிப்போகிறார்களாம். நான் இவ்வளவு தூரம் வந்ததே அதற்குத்தான்.